மனதில் எழும் எண்ணங்களும் நாமும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பலருக்கு இரவு நேரம் பாரமானது. "நாம் தப்பி வந்துவிட்டோம், அவர்களை விட்டுவிட்டோம்", "பிள்ளைகளைக் கரைசேர்க்க எம்மால் முடியாது" என்ற எண்ணங்கள் அப்போதுதான் வரிசையாக வரும். "அதை யோசியாதேங்கோ" என்று வீட்டார் சொல்வார்கள். யோசியாமல் இருக்க முடிகிறதா?

அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் 1987 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதிருக்குமாறு மாணவர்களைக் கேட்டார். நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, ஆரம்பம் முதலே நினைக்க விடப்பட்டவர்களைவிட, முதலில் அடக்கியவர்களுக்கே அந்த நினைவு கூடுதலாக வந்தது.

இந்த உண்மையை ஒட்டிச் செல்லும் ஒரு சிகிச்சை முறையை ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் உருவாக்கத் தொடங்கினார். 1999 இல் இரு சகாக்களுடன் அதை நூலாக வெளியிட்டார். ஏற்றுக்கொள்ளலும் உறுதிபூணலும் என்பது அதன் பெயர். அதன் பயிற்சிகளை மூன்று படிகளாகச் சுருக்கிக் கூறலாம்.

1. எண்ணத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தல். "நான் உதவாதவன்" என்பதை, "'நான் உதவாதவன்' என்ற எண்ணம் எனக்கு வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கணக்கு எழுதுபவர்களுக்கு இது இலகுவில் விளங்கும்: பேரேட்டின் ஒரு வரி முழுக் கணக்காகாது.

2. இடம் கொடுத்தல். நெஞ்சு இறுகினால், எங்கே இறுகுகிறது என்று கவனித்து, மெதுவாக மூச்சு விட்டு, அதை இருக்க விடுங்கள். இது தலைவிதி என்று அடங்கிப் போவதல்ல. அநீதியைச் சரியென்று ஒப்புவதுமல்ல. மனதோடு போடும் சண்டையை மட்டும் நிறுத்துகிறோம்.

3. எமக்கு முக்கியமானதைச் செய்தல். ஊரில் விட்டுவந்தவர்களை எண்ணி வருந்துவதன் அடியில் பாசம் இருக்கிறது. குற்றவுணர்வு தீரட்டும் என்று காத்திராமல், அது கூடவே இருக்க, இன்றே அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம்.

அகதிகளுக்கு இது பயன்படுமா? உகண்டாவில் தஞ்சமடைந்த தென் சூடான் பெண்கள் கிட்டத்தட்ட 700 பேரிடம், இம்முறையைத் தழுவி உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பயிற்சி பரிசோதிக்கப்பட்டது. ஒலிப்பதிவும் படப்புத்தகமும் கொண்டு, குழுவாக ஐந்து அமர்வுகள் நடந்தன. மூன்று மாதத்தின் பின், பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2020 இல் வெளியான முடிவு காட்டியது.

நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் பழகிப் பார்க்கலாம். ஆனால் பல வாரமாக நித்திரை இல்லாதவர்களும், பழைய சம்பவங்கள் கண்முன் மீண்டும் நடப்பதாக உணர்பவர்களும் வைத்தியரை நாட வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும். மொழி தெரியாவிடில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சீனி வியாதிக்கு மருந்தெடுக்க நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.