40 அடி டவரும் ஒரு திருப்புளியும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். தப்பித்தீர்கள்! அதற்குப் பதிலாக, 40 அடி டவரில் 10 அடி ஏறி, நன்றாகத் திட்டு வாங்கி, இறங்கி வந்த கதையை எழுதுகிறேன். நம்மில் பலர் நாளைக்கு செல்போன் டவரோ, ஒயர்லெஸ் டவரோ ஏதோ ஒன்றில் ஏறப் போகிறவர்கள்தானே? அதனால் கதையோடு கொஞ்சம் மெக்கானிக்ஸும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவர். வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி. வீட்டுக்குப் பின்புறம் அவர் நிறுத்தியிருந்த டவருக்கு வயது கிட்டத்தட்ட என் வயதை விட அதிகம். மூன்று கால், குறுக்கே வளைத்து வெல்டு வைத்த கம்பி, 10 அடி நீளத்தில் நாலு துண்டு. உச்சியில் யாகி ஆன்டெனா, அதைத் திருப்ப ஒரு ரொட்டேட்டர் மோட்டார். பாதி உயரத்தில் மூன்று, உச்சிக்குச் சற்றுக் கீழே மூன்று, ஆக ஆறு ஸ்டே ஒயர். வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போவதாக முடிவானதும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க காலேஜ் பசங்க யாராவது வந்து இறக்கித் தருவீங்களா? டவரை நீங்களே வச்சுக்குங்க" என்றார். இலவசமாக 40 அடி டவர்! யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் போனோம். எடை குறைவு என்பதால் ஏறும் வேலை எனக்கு. இடுப்பில் தாம்புக் கயிறு, பாக்கெட்டில் இரண்டு ஸ்பேனர், காலில் ஹவாய் செருப்பு. 10 அடி ஏறியிருப்பேன். அப்போதுதான் லைன்மேன் மாமா சைக்கிளில் வந்தார். மின்வாரியத்தில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சார் அவரிடம் பெல்ட் இரவல் கேட்டிருக்கிறார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை.

"டேய், எறங்குடா கீழ! மொதல்ல எறங்கு, அப்புறம் பேசலாம்."

இறங்கினேன். முதலில் எதைக் கழற்றப் போகிறாய் என்று கேட்டார். "ஸ்டே ஒயரை மாமா. கீழேயே இருக்கு, ஈசியா வந்துரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் பாக்கெட்டிலிருந்த திருப்புளியை வாங்கி, டவரின் கால் காங்கிரீட்டைத் தொடும் இடத்தில் இருந்த மண்ணை விலக்கி, பெயின்ட்டின் மேல் வைத்து அழுத்தினார். திருப்புளி அப்படியே உள்ளே போய்விட்டது. வெண்ணெயில் போவது போல என்று எழுத ஆசை. உண்மையில் அப்பளம் உடைகிற சத்தம்தான் கேட்டது.

மூன்று கால்களில் அது ஒன்று. மற்ற இரண்டும் ஓரளவு நன்றாகவே இருந்தன. வெளியே பார்த்தால் மூன்றுமே பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். பைப்பில் துரு உள்ளேயிருந்தும் வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மேலே மூடி இல்லாத பைப்பில் மழைத் தண்ணீர் இறங்கும். கீழே வடிய ஓட்டை இல்லாவிட்டால் தேங்கும். தேங்கிய இடம் பல வருடம் சத்தமில்லாமல் கரையும். ஆக, ஏறுவதற்கு முன் முதல் வேலை கீழேதான். சுத்தியலால் ஒவ்வொரு காலையும் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல பைப் கணீரென்று சொல்லும், கெட்டது 'டொக்' என்று சொல்லும். ஸ்டே ஒயரைக் கட்டியிருக்கும் ஆங்கர் கம்பியையும் ஒரு அடி தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு மேலே கட்டைவிரல் தடிமன், மண்ணுக்குள் பென்சில் தடிமன் என்று இருப்பதுண்டு.

சரி, ஸ்டே ஒயரை முதலில் கழற்றினால் என்ன? இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். ஸ்டே ஒயர் கட்டிய டவர் தானாக நிற்பதில்லை. அது ஒரு மெல்லிய குச்சி. எடையைக் கீழே கடத்துவது மட்டும்தான் அதன் வேலை. பக்கவாட்டுத் தள்ளலை எல்லாம் ஒயர்கள் வாங்கிக்கொள்கின்றன. சில டவர்களில் அடிப்பாகம் ஒரே ஒரு பின்னின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். வளைவைத் தாங்கும் சக்தி அதற்கு அறவே கிடையாது. இப்போது உச்சியில், 11 மீட்டர் உயரத்தில், துருப்பிடித்த ஒரு நட்டை 20 கிலோ விசையில் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். முதலாண்டு மெக்கானிக்ஸ்தான்: 11 பெருக்கல் 20, அடியில் 220 கிலோகிராம்-மீட்டர் மொமென்ட். ஒயர் இருந்தால் இதில் பெரும்பகுதி அடிக்கு வந்து சேராது. ஒயர் இல்லாவிட்டால் முழுவதும் அந்த அப்பளக் காலுக்கு. நீங்களோ பெல்ட்டால் டவரோடு கட்டப்பட்டிருப்பீர்கள். டவர் விழுந்தால் பெல்ட் காப்பாற்றாது, கூடவே அழைத்துப் போகும்.

மூன்றில் ஒன்றை மட்டும் அவிழ்த்தாலும் இதே ஆபத்துதான். ஒயரை அதன் அறுபடும் பலத்தில் சுமார் 10 சதவீதம் இழுவிசையில் முறுக்கி வைப்பது வழக்கம். ஒரு பக்கத்து டர்ன்பக்கிளை முழுசாகக் கழற்றினால் மற்ற இரண்டும் டவரைத் தங்கள் பக்கம் இழுக்கும். அதனால் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தளர்த்த வேண்டும். அதற்கும் முன்பே, மிச்சம் நிற்கப் போகும் துண்டின் தலையில் தற்காலிகமாக மூன்று ஸ்டே கட்டியிருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், ரப்பர் மாதிரி நீளும்.

இதெல்லாம் நம்மைப் போன்ற பசங்களுக்குத்தான் என்று நினைக்காதீர்கள். போலந்து நாட்டில் கான்ஸ்டான்டினூஃப் என்ற ஊரில் 1974-இல் கட்டி முடித்த ரேடியோ கம்பம் ஒன்று இருந்தது. உயரம் 646 மீட்டர். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மனிதன் கட்டியதில் அதுதான் உயரம். 1991 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஸ்டே ஒயர் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது முழுவதுமாகச் சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. புயலில்லை, பூகம்பமில்லை, பழைய ஒயரிலிருந்து புதிய ஒயருக்கு மாறும் இடைப்பட்ட நேரம், அவ்வளவுதான். நல்ல டவர் ஒன்றைக் கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டை எடுத்த பிறகும் அது வேறொரு டவர். காலையில் பார்த்துச் சரி சொன்ன டவர் மத்தியானம் கிடையாது.

மாமாவிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி பெல்ட்டைப் பற்றி. தாம்புக் கயிறு போதாதா? இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு விழுகிறவனை நிறுத்தும்போது முதுகெலும்பை உடைத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 70 கிலோ ஆள், 1.8 மீட்டர் விழுந்து, நீளாத கயிறு ஒன்று அவரை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 2,500 கிலோவுக்கு மேல். ஒரு கார் எடையை விட அதிகம்! அதே ஆளை, தையல் பிரிந்து பிரிந்து நீளும் ஷாக் அப்சார்பர் ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். விசையின் உச்சம் இதைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனாலும் உடம்பு தாங்கும் அளவு. அதற்காகத்தான் தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட், அதில் இரண்டு கொக்கி. ஒன்றை மேலே மாட்டிய பிறகுதான் மற்றதை எடுக்கணும். இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கவே கூடாது. 10 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒன்றரை வினாடி கூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்.

பெல்ட் பிடித்துவிட்டால் பிழைத்தோம் என்று இருந்துவிடவும் கூடாது. மயங்கி அசையாமல் தொங்குகிறவனுக்கு ரத்தம் காலிலேயே தங்கி, சில நிமிடங்களில் ஆபத்தாகிவிடும். 'யாரு, எப்படி இவனை இறக்குவாங்க?' என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவைக்க வேண்டும். எங்கள் மூன்று பேரில் ஏறத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்! என்னை இறக்க யார் வந்திருப்பார்கள்?

கப்பி விஷயம் ஒன்று. 20 கிலோ சாமானை உச்சியில் கட்டிய கப்பி வழியாக இறக்கினால், கப்பியைத் தாங்கும் இடத்தில் 20 அல்ல, 40 கிலோ. சாமான் ஒரு பக்கம், கீழே கயிறு பிடிப்பவர் இன்னொரு பக்கம். அவர் தள்ளி நின்று சாய்வாக இழுத்தால் டவரையும் சேர்த்து இழுக்கிறார் என்று அர்த்தம். டவர் அடியில் இன்னொரு கப்பி போட்டுக் கயிற்றை டவரை ஒட்டியே இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மின்கம்பி பற்றி மாமா அதிகம் பேசவில்லை. பின்பக்கச் சந்தில் போகும் 11 கே.வி. லைனைக் காட்டி, "அது உன்னைத் தொட வேணாம், உன் கையில இருக்கிற குழாய் அதைத் தொட்டாப் போதும்" என்றார், அவ்வளவுதான். யாகியின் குழாய்கள் இந்தப் பக்கம் 5 மீட்டர், அந்தப் பக்கம் 5 மீட்டர் நீளம். இறங்கும்போது சுழலும். டவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் லைன் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி சப்ளையை நிறுத்தாமல் தொடக் கூடாது.

குளவியை மறந்துவிட்டேனே! யாகிக் குழாயின் திறந்த முனைக்குள் குளவி கூடு கட்டும். உச்சியில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அது வெளியே வந்தால் என்ன செய்வீர்கள்? கீழேயிருந்து பைனாகுலரில் பத்து நிமிடம் பார்த்தாலே குளவி போய் வருவது தெரிந்துவிடும்.

எங்கள் டவர் என்ன ஆனது என்கிறீர்களா? அதில் யாரும் ஏறவில்லை. தெருவிளக்கு மாட்டுகிறார்களே, கூண்டு வைத்த வண்டி, அது ஒன்றும், ஹைட்ரா கிரேன் ஒன்றும் வாடகைக்கு வந்தன. கூண்டில் நின்ற ஆள் முதலில் யாகியையும் ரொட்டேட்டரையும் கழற்றினார். பிறகு 30 அடி உயரத்தில் ஸ்லிங் கட்டினார். பாதிக்கு மேலே கட்ட வேண்டும். ஈர்ப்பு மையத்துக்குக் கீழே கட்டினால் தூக்கும்போது தலைகீழாகக் கவிழும். கிரேன் எடையை ஏந்திய பிறகுதான் ஸ்டே ஒயர்களை அவிழ்த்து, அடியில் போல்ட்டைக் கழற்றினார்கள். எட்டு நிமிடத்தில் டவர் தரையில் படுத்தது. வாடகை, டவரைப் பழைய இரும்புக்குப் போட்டால் கிடைக்கும் காசை விட அதிகம். சார் முகம் சுளிக்காமல் கொடுத்தார். "உன்னை ஏறச் சொன்னதே நான்தானேப்பா" என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் காலை ஹேக்ஸாவால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு கைப்பிடி துருத்தூள் கொட்டியது. திருப்புளி போன இடத்துக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பைப்பின் சுவர் போஸ்ட் கார்டு கனம்தான் இருந்தது. அந்தத் துண்டை எங்கள் டிபார்ட்மென்ட் லேபில் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வந்தால் பாருங்கள்.

சார் இப்போது மகள் வீட்டு மொட்டை மாடியில் 10 மீட்டர் ஒயரை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டி, 14 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார். மீதி மூன்று துண்டு டவரும் நல்ல நிலையில் எங்களிடம் இருக்கின்றன. அடுத்த டிசம்பரில் நிறுத்துவதாகத் திட்டம். மாமா பெல்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: திருப்பிக் கொடுக்கும்போது தையல் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்ல வேண்டும்.