கப்பலில் வரும் சர்க்கரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் சர்க்கரை உற்பத்தியாகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது. மீதி விளைந்த நாடுகளிலேயே செலவாகிவிடுகிறது. கடல் கடக்கும் அந்த ஒரு பங்கைப் பற்றிப் பல தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை: இறக்குமதிச் சர்க்கரை, கரும்பு விளைந்த நாட்டிலேயே வெள்ளையாகி மூட்டையில் வந்து சேர்கிறது.

உண்மை: கப்பலேறுவதில் பாதிக்கு மேல் பழுப்பு நிறக் கச்சா சர்க்கரை. அது மூட்டையில் அல்ல, கப்பலின் சரக்கறையில் மொத்தமாகக் கொட்டப்பட்டு வருகிறது. படிகங்களைச் சுற்றி மெல்லிய மொலாசஸ் படலம் ஒட்டியிருப்பதே அந்தப் பழுப்புக்கு முக்கியக் காரணம். சுத்திகரிப்பு ஆலையில் முதலில் கச்சா சர்க்கரையைச் சூடான பாகில் கலந்து, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி, படலத்தைக் கழற்றுகிறார்கள். பிறகு கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கைப் பிரித்து வடிகட்டி, நிறத்தை நீக்குகிறார்கள். கடைசியாக வெற்றிடக் கலத்தில் குறைந்த வெப்பத்தில் காய்ச்சும்போது வெள்ளைப் படிகம் விழுகிறது.

இந்த வேலை நடக்கும் இடத்தில் கரும்புத் தோட்டம் இருக்க வேண்டியதில்லை. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்று 1995 முதல் இயங்குகிறது. கரும்பே விளையாத அந்த மண்ணில் பிரேசில் போன்ற நாடுகளின் கச்சா சர்க்கரை வெள்ளையாகி மறுபடி கப்பலேறுகிறது. ஆகவே, எந்த நாட்டிலிருந்து இறக்குமதியானது என்பதை வைத்துக் கரும்பு எங்கே விளைந்தது என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: 'இக்கும்சா 45' என்பது தனிச்சுவை கொண்ட உயர்ரகச் சர்க்கரை, பிரேசிலிலிருந்து அதை மலிவாக வரவழைக்கலாம்.

உண்மை: இக்கும்சா என்பது சர்க்கரைப் பகுப்பாய்வு முறைகளை வகுக்கும் பன்னாட்டு ஆணையம். 45 என்பது நிறத்தின் அளவு மட்டுமே. கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். எண் குறையக் குறைய வெண்மை கூடும். இந்திய ஆலைகள் கரும்புச் சாற்றை கந்தக டை ஆக்சைடால் தெளியவைத்து நேரடியாக எடுக்கும் சர்க்கரை பெரும்பாலும் 100 முதல் 150 வரை இருக்கும். பிரேசிலின் கச்சா 600-க்கும் மேல். ஆனால், அந்தப் பழுப்புச் சர்க்கரையிலும் 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ்தான். இனிப்பில் பெரிய வேறுபாடு கிடையாது.

பிரேசில் பெருமளவில் ஏற்றுமதி செய்வதும் இந்தக் கச்சா சர்க்கரையைத்தான். அதன் விலை நியூயார்க் சந்தையை ஒட்டியே பேசப்படுகிறது. சந்தை விலையைவிட வெகு மலிவாக 'இக்கும்சா 45' தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. புதிதாக இறக்குமதித் தொழிலில் இறங்கும் சிறு வணிகர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: பீட்ரூட் சர்க்கரை மட்டமானது.

உண்மை: இரண்டும் ஒரே சுக்ரோஸ். பீட்ரூட்டில் அது இருப்பதை பெர்லினைச் சேர்ந்த மார்க்கிராஃப் 1747-இல் கண்டறிந்தார். இன்று உலகச் சர்க்கரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது.

நம்பிக்கை: விளைச்சல் கூடினால் விலை குறையும், குறைந்தால் ஏறும், அவ்வளவுதான்.

உண்மை: பெட்ரோலுக்கும் இதில் பங்கு உண்டு. உலக ஏற்றுமதியில் பாதியை நெருங்கும் பிரேசிலில், பெரும்பாலான ஆலைகள் ஒரே கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையும், பெட்ரோலுக்கு மாற்றாகும் எத்தனாலும் எடுக்க வல்லவை. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய எத்தனால் திட்டம் இதற்கு வழிவகுத்தது. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது எத்தனாலுக்கும் மதிப்பு போனது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. நியூயார்க்கில் ஒரு பவுண்டு கச்சா சர்க்கரை சுமார் 10 சென்டுக்கு இறங்கியது. 2023 நவம்பரில் அதே பவுண்டு 28 சென்ட். இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அரசுகளின் வேலிகளும் விலையை ஆட்டுகின்றன. அமெரிக்கா ஒதுக்கீடு வைத்து இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியா 2018 முதல் 100 சதவீத இறக்குமதி வரி விதிக்கிறது. தம் மக்களையும் உழவர்களையும் காக்க நாடுகள் இப்படிச் செய்வது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், பெரிய நாடுகளின் விளைச்சல் ஏற்ற இறக்கம் முழுவதும் உலகச் சந்தையின் தலையில் வந்து விழுகிறது. 1974-இல் பவுண்டுக்கு 60 சென்டைத் தாண்டிய விலை 1985-இல் 3 சென்டுக்கும் கீழே போனது. அந்த அடியைத் தாங்கியவர்கள் கரும்பையே நம்பியிருந்த ஏழை நாட்டு உழவர்கள்.

நம்பிக்கை: இறக்குமதி வரியைக் குறைத்தால் கடையில் விலை இறங்கும்.

உண்மை: தேவையில் பெரும்பகுதிக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் இலங்கையில், செவனகல, பெலவத்த போன்ற ஆலைகளின் உற்பத்தி போதாது. 2020 அக்டோபரில் அங்கே சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக, அதாவது கால் ரூபாயாக, குறைக்கப்பட்டது. அரசு பெருந்தொகை வருவாயை இழந்தது. வரி குறைந்த அளவுக்குக் கடை விலை இறங்கவில்லை. வரி குறையும்போது மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும் என்பதை, கையிருப்பு யாரிடம் உள்ளது, இறக்குமதியாளர்கள் எத்தனை பேர் என்பவை தீர்மானிக்கின்றன. கப்பல் கட்டணமும் டாலர் மதிப்பும் அதோடு சேர்கின்றன. அடுத்த ஆண்டு டாலர் தட்டுப்பாடு முற்றியபோது, அந்த வரிக்குறைப்புக்குப் பிறகும் சீனி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அரசு அவசரகால விதிகளை அறிவித்து, கிடங்குகளில் பதுக்கப்பட்டிருந்த இருப்பைக் கைப்பற்றி, விலைக்கு உச்சவரம்பு விதித்தது.