விலாவிலும் முதுகிலும் வலி: மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

விலாவிலோ முதுகிலோ வலித்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது தசைப்பிடிப்புதான். குனியும்போதும் திரும்பும்போதும் கூடி, ஓய்வில் குறையும் வலி, சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுங்கள். தணியாவிட்டால் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள்.

எப்படிப் படுத்தாலும் அடங்காமல், விட்டுவிட்டு வந்து தொடை இடுக்குவரை இறங்கும் வலி வேறு வகை. சிறுநீரகக் கல் அப்படித்தான் வலிக்கும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் கிருமித்தொற்று இருக்கலாம். வலி பொறுக்கும்படி இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்து, பிறகு கொப்புளம் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் மருந்தைத் தொடங்குவது நல்லது.

முதுகுவலியுடன் கால்கள் பலவீனமடைந்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியாமல் போனால், உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். திடீரென்று கடுமையாக வலித்து மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கும்முன் மருந்தாளரிடம் அதைச் சொல்லுங்கள்.