கைக்குத் தெரியும் விசை

இந்த எபிசோட்டில ஹாப்டிக்ஸ் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்டது ஒண்டு: அதை வைச்சுப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கலாமா?

டேப்லெட்டில விரலால இழுக்கிறதை நான் தொடுகை எண்டு சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்கை இழுத்தாலும் கல்லைத் தள்ளினாலும் விரலுக்கு ஒரே கண்ணாடிதான். போன் அதிரும், திருப்பித் தள்ளாது.

திருப்பித் தள்ளுற கருவிக்கு எங்கட மொன்றியலிலயே பழைய கதை இருக்கு. கிறிஸ்டோஃப் ராம்ஸ்டைனும் மக்கில் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் ஹேவர்டும் 1994இல் 'பான்டோகிராஃப்' பற்றி எழுதினார்கள். இரண்டு மோட்டார், அவற்றோடு பூட்டிய மெல்லிய கைகள், நுனியில் விரல் வைக்க ஒரு தட்டு. விரல் நிக்கிற இடத்தை சென்சர் சொல்லும். அந்த இடத்துக்கு உரிய விசையைக் கணினி கணக்குப் போடும். மோட்டார் அவ்வளவால் தள்ளும். இப்படியான கருவிகளில் இது வழக்கமாக செக்கனுக்கு 1000 தடவை நடக்கும். சினிமாவுக்கு 24 படம் போதும், தோலுக்குப் போதாது. 250 ஹெர்ட்ஸ் அதிர்வுகூட அதுக்கு நல்லாத் தெரியும். வேகம் குறைஞ்சால், விரல் ஒரு கணம் முந்தி நிண்ட இடத்துக்குத்தான் கணினி தள்ளும். கெட்டியான சுவர் 'கிர்ர்' எண்டு நடுங்கத் தொடங்கும்.

இதால பிள்ளைக்கு என்ன லாபம்? கூலோம் விதியை எடுங்கோ. தூரம் பாதியானால் விசை நாலு மடங்கு. 4 சென்ரிமீற்றரில இருந்து 1க்கு வந்தால் 16 மடங்கு. தாளில அது ஒரு இலக்கம். கையில, கிட்டப் போகப் போக விடாத ஒரு முரட்டுத் தள்ளு.

எங்கட வீடுகளில இன்னொரு சிக்கலும் இருக்கு. பள்ளிக்கூடம் பிரெஞ்சில, யூடியூப் இங்கிலிஷில. அம்மம்மாவிடம் கேட்டால் விசையும் சக்திதான், பலமும் சக்திதான். ஆனால் இலங்கைப் பாடப்புத்தகத்தில சக்தி வேறை, விசை வேறை. அசையாத சுவரைத் தள்ளுற பிள்ளை விசை குடுக்குது, சுவரில ஒரு வேலையும் செய்யேல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லால விளக்கி நான் களைச்சுப்போனேன். விரலுக்குக் காட்டுறது சுகம்.

சும்மா குடுத்தால் விளையாட்டுச் சாமான்தான். "இன்னும் கிட்டக் கொண்டு போனால் என்ன நடக்கும்?" எண்டு முதல்ல கேளுங்கோ, பிறகு தொடட்டும்.

கருவி இல்லாதவை ஒத்த முனைகளை எதிர் எதிராகப் பிடிச்ச இரண்டு காந்தத்தோட தொடங்கலாம். (காந்தம் நாலு மடங்குக் கணக்குக்கு அடங்காது, அநேகமாக அதைவிட வேகமாக ஏறும்.) செய்து பார்க்க விருப்பமெண்டால், ஸ்டான்ஃபோர்டின் 'ஹாப்கிட்' வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்குது. 3டி பிரிண்டர் இருக்கிற ஒருத்தரைப் பிடியுங்கோ.