செய்த பாவமும் செய்யாது விட்ட பாவமும்



பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, செய்த தீமைகளை மட்டுமன்றிச் செய்யத் தவறிய கடமைகளையும் ஆராயும்படி திருச்சபை நமக்குக் கற்பிக்கின்றது. தனிமனிதனுக்குரிய இந்நியதி ஓர் அரசுக்கும் பொருந்துமா? இனப்படுகொலையைப் பொறுத்தவரை, பொருந்தும் என்றே சர்வதேசச் சட்டமும் சொல்கின்றது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் நாசிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தனர். அதன் பின்னர், 1948 மார்கழி 9ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இனப்படுகொலைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1950இல் அதில் இணைந்தது. ஒரு தேசிய, இன, குல அல்லது சமயக் கூட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்குடன் புரியப்படும் கொலை முதலிய செயல்களே இனப்படுகொலையாகும். அதைத் தடுப்பதும், புரிந்தோரைத் தண்டிப்பதும் இணைந்த அரசுகளின் கடமை.

இக்கடமையின் கனத்தைப் பொஸ்னியாவின் வழக்கு நமக்கு உணர்த்துகின்றது. 1995 ஆடி மாதம், ஐ. நா. பாதுகாப்பு வலயமாயிருந்த சிரெப்ரெனிட்சா நகரைப் பொஸ்னிய சேர்பியப் படை கைப்பற்றி, 7,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. கொன்றவர்களிற் பலர் கிறிஸ்தவப் பாரம்பரியத்தில் வளர்ந்தவர்கள் என்பதை வெட்கத்துடன் சொல்லவே வேண்டும்.

அப்படைக்குப் பணமும் ஆயுதமும் வழங்கியது அயலிலிருந்த சேர்பியா. அந்நாட்டுக்கு எதிராகப் பொஸ்னியா 1993இலேயே தொடுத்திருந்த வழக்கில், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2007 மாசி 26ஆம் நாள் தீர்ப்பளித்தது.

சேர்பியா தானே இனப்படுகொலை புரிந்ததா? இல்லை, கொலைகள் அதன் கட்டளைப்படியோ கட்டுப்பாட்டிலோ நடந்தன என்பது நிரூபிக்கப்படவில்லை. உடந்தையாயிருந்ததா? அதுவும் நிரூபிக்கப்படவில்லை. தடுக்கும் கடமையைச் செய்ததா? செய்யவில்லை. ஆபத்தை அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், அப்படையின்மீது செல்வாக்கு இருந்தும், அது வாளாவிருந்தது. தண்டிக்கும் கடமையைச் செய்ததா? அதுவுமில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட தளபதி ராட்கோ மிலாடிச்சை நீதியிடம் ஒப்படைக்கவில்லை. அவர் 2011இலேயே பிடிபட்டார். 2017இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டார்.

இச்சமவாயத்தை மீறியதாக இந்நீதிமன்றத்தினால் தீர்ப்பிடப்பட்ட முதல் அரசு சேர்பியாவே. எனினும் நட்டஈடு விதிக்கப்படவில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு இது குறைந்த நீதியே. ஆனாலும் ஒரு பாடம் நிலைபெற்றது: தடுக்க முயன்றிருந்தால் நிச்சயமாக வெற்றி கிடைத்திருக்குமா என்பதல்ல கேள்வி, இயன்றதெல்லாம் செய்தாயா என்பதே கேள்வி.

எரிக்கோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன இருவரும் அவனை அடிக்கவில்லை. ஆயினும் ஆண்டவரின் உவமையில் அவர்கள் நல்ல அயலாராகவில்லை.

குடும்பத்தில் சிந்திக்க: அயலானுக்கு அநீதி நடக்கையில், "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பது நமக்குச் சாட்டாக அமையுமா, குற்றமாக அமையுமா?