சம்பளமும் வாடகையும் ஒரே கேட்டிலிருந்து வரலாமா?

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு மனை நோட்டீஸைத் திணித்துவிடுகிறார்கள். சிப்காட் பத்து நிமிடம், வாடகைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது, இன்றே முன்பணம் கட்டுங்கள். ஊதிய ஒப்பந்தம் முடிந்து அரியர் கைக்கு வந்த மாதத்தில் அதைப் படித்தால் யாருக்கும் மனசு ஆடும். சொந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு வீடு, இங்கே வாடகைக்கு விட இன்னொன்று என்ற ஆசையில் தப்பே இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: உங்கள் சம்பளமும் வரப்போகும் வாடகையும் ஒரே ஆலையின் கேட்டிலிருந்தா வருகின்றன?

இந்தப் பகுதிக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள். அடுத்த மாதமே அதே வளாகத்தில் இருந்த பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. வேலை போனவர் ஊருக்குப் பெட்டி கட்டினால் அவர் இருந்த வாடகை வீடும் காலி. அங்கேயே வேலை பார்த்து, அங்கே வேலைக்கு வருகிறவர்களை நம்பியே கடனில் வீடு கட்டியவருக்கு இரண்டு வருமானமும் ஒன்றாகப் போகும். அந்த வளாகத்தை சால்காம்ப் வாங்கும் செய்தி வந்தது 2019இல். ஐந்து வருடத்துக்கு எந்த வங்கியும் தவணையைத் தள்ளி வைக்காது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும் இதே கதைதான்.

அதனால் ஆலையை ஒட்டி வாங்குவதைவிட ஊரை ஒட்டி வாங்குங்கள். ஸ்ரீபெரும்புதூர் டவுன் என்றால் தாலுகா ஆபீஸ், பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில், கடைத்தெரு எல்லாம் உண்டு. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் நிற்கிறது. படப்பையில் இருப்பவர் தாம்பரம் பக்கமும் வேலைக்குப் போகலாம், ஒரகடத்துக்கும் வரலாம். ஒரு ஆசிரியை, ஒரு நர்ஸ், ஒரு மளிகைக் கடைக்காரர் குடிவரக்கூடிய வீடா என்று பாருங்கள். வாடகை மாதம் ஐந்நூறு குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு வீட்டில் பத்துப் பேரைத் தங்கவைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கணக்கை இனி நம்பாதீர்கள். 2021 டிசம்பரில் ஐபோன் ஆலைத் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி, பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தங்குமிடம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உலகமே அப்போது பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ₹706.50 கோடியில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே இடம் கிடைக்கிறவர் காற்றோட்டம் இல்லாத லைன் வீட்டுக்கு ஏன் வர வேண்டும்? தவிர, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்த 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். கான்ட்ராக்டர் மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தால் அந்த உரிமத்தின் நகலை வாங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் தூங்க வேண்டிய இடம் அது.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு ₹35 லட்சம் வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே ₹3.15 லட்சம். ₹25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய ₹21,700. வாடகை ₹9,000 வந்தால் மீதி ₹12,700 உங்கள் சம்பளத்திலிருந்து. போட்ட மொத்தப் பணத்துக்கு வாடகை வருமானம் ஆண்டுக்கு 3 சதவீதத்தைக்கூடத் தொடாது. விலை ஏறினால்தான் லாபம் என்பதைத் தெரிந்தே இறங்குங்கள். அந்த ₹12,700ஐ அடிப்படைச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள், ஓ.டி.யையும் போனஸையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். ஆறு மாதத் தவணை, அதாவது ₹1.3 லட்சம், தனிக் கணக்கில் கிடக்கட்டும். சம்பளம் வராத மாதம் ஆலை மூடினால்தான் வரும் என்பதில்லை: 2024இல் சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது.

பத்திர விஷயத்தில் அவசரப்பட்டுக் காசைத் தொலைத்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை விற்பவர் கொடுக்கும் ஜெராக்ஸில் பார்க்காதீர்கள். பதிவுத் துறை, வருவாய்த் துறை இணையதளங்களில் நீங்களே எடுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது டிடிசிபி அல்லது சிஎம்டிஏ மட்டுமே. 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானது என்ற விதிவிலக்கு இல்லாத, அனுமதியற்ற மனையைப் பதிவு செய்யவே முடியாது. லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா எண்ணைக் கேளுங்கள். பவரை மட்டும் காட்டி விற்கிறவரிடம், வெறும் பவரால் உரிமை மாறாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை நினைவூட்டுங்கள்.

அ-பதிவேட்டைப் பார்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். இங்கே கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கும் உத்தரவு 1892இல் வந்தது. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தோடேயே வருகிறது. டி.சி. நிலம், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலம், என்று பதிவேட்டில் இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அது சட்டச் சிக்கல் மட்டும் அல்ல. ஒருவரின் பாட்டனுக்குக் கொடுக்கப்பட்ட சோறு அது.

அடுத்து தண்ணீர். இது ஏரிகளின் மாவட்டம். மணிமங்கலம், சோமங்கலம், ஒரத்தூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு பெருகியபோது வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. புலப்படத்தில் வாய்க்கால் கோடு எங்கே ஓடுகிறது, ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சித்திரை வெயிலில் மனை பார்க்கப் போனால் எல்லா இடமும் மேட்டு நிலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் மழை பெய்த மறுநாள் போய், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டீக்கடைப் பெரியவரிடம் கேட்டால் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையைக் காட்டுவார். சிப்காட் அல்லது பரந்தூர் விமான நிலைய நில எடுப்பில் சர்வே எண் வருகிறதா என்பதையும் தாலுகா ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் பலர் தவறுவது தொகையில். மண்ணுக்குக் காப்பீடு கிடையாது, கட்டடத்துக்குத்தான். ₹35 லட்சம் கொடுத்தோம் என்று ₹35 லட்சத்துக்கு பாலிசி எடுத்தால் பிரீமியம்தான் வீண். இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே அளவு: 900 சதுர அடி, சதுர அடிக்கு ₹2,200 என்றால் ₹19.8 லட்சம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் தீ, இடி, புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். வெள்ளத்தாலோ தீயாலோ வீடு குடியிருக்க முடியாமல் போனால் அந்தக் கால வாடகை இழப்பும் அதில் உண்டு. ஆலை மூடி வீடு காலியாகக் கிடந்தால் ஒரு பைசா வராது. மேலே சொன்ன ஆறு மாதத் தவணைதான் அதற்கு ஒரே காப்பீடு.

வங்கி கடனோடு சேர்த்துப் போட்ட பாலிசி கடன் தொகைக்கு மட்டுமா, முழுக் கட்டடத்துக்குமா என்று படித்துப் பாருங்கள். வாடகைக்கு விட்டிருப்பதையும், விடுதியாக மாறினால் அதையும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நஷ்டஈடு கேட்கும் அன்று இதெல்லாம் வெளியே வந்தால் தாங்காது. குடியிருப்பவரின் டிவியும் பைக்கும் உங்கள் பாலிசியில் வராது. அவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கீழே கடையோ கோடவுனோ இருந்தால் அதற்குத் தனி பாலிசி.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் இது. அட்வான்ஸுக்கு அது காட்டும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்டுக் குடும்பங்களை விரட்டாதீர்கள். வருமான வரியில், கட்டிய வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். புதிய வரி முறையில் இருந்தால் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எந்த முறை உங்களுக்கு லாபம் என்று கம்பெனி படிவத்தை நிரப்பும் முன்பே கணக்குப் போடுங்கள்.

வாங்கிய கையோடு பட்டாவையும், மின் இணைப்பையும், வீட்டு வரியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காலி மனையானால் நான்கு மூலையிலும் கல் நட்டு, வேலி போட்டு, பெயர்ப் பலகை வையுங்கள். பாலிசி முடியும் தேதி மழைக்கு முன்னால் வரும்படி, புரட்டாசியில் அமைத்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, புதிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, மாடித் தளத்தின் மழைநீர்க் குழாயை அடைப்பு நீக்கி, குடியிருப்பவரிடம் கம்பெனியில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.