பதினேழாம் பக்கத்துப் புள்ளி

அம்மா ஒருநாளும் நூலகத்துக்குள் போனதில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் தமிழ் நாவல்களில் பாதிக்கு மேல் அவள் படித்தவை. உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் போய் மூன்று புத்தகம் எடுத்து வருவார். அவருக்குக் கதைகளில் நாட்டமில்லை. கைக்கு எட்டியதை எடுப்பார். படித்த புத்தகமே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வீட்டுக்கு வரும். அதற்கு அம்மா ஒரு வழி கண்டாள். படித்து முடித்ததும் பதினேழாம் பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் கடுகளவு ஒரு புள்ளி. அப்பா அலமாரி முன்னால் நின்று அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். புள்ளி இருந்தால் அங்கேயே வைத்துவிடுவார்.

ஒருமுறை அதே பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் வேறு புத்தகங்களிலும். “யாரோ என்னை மாதிரியே ஒருத்தி” என்றாள் அம்மா. ஆணாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. போகப்போக வட்டம் போட்ட புத்தகம் சோடை போகாது என்று கண்டுகொண்டாள். முகம் தெரியாத அந்த வாசகியின் சொல்லை அக்கம்பக்கத்தார் சொல்லைவிட அதிகம் நம்பினாள்.

நூலகப் புத்தகத்தில் பென்சில் வைப்பது சரியல்ல. நான் வைப்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் எடுத்த தேதி, நூலின் பெயர், மனதில் நின்ற ஒரு விஷயம், இவ்வளவு மட்டும் எழுதி வைக்கிறேன். அப்படி ஆறு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. வீட்டில் ஒரு புத்தகம்கூடச் சேராமல் படித்ததெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கிறது.

கடையில் வாங்கிய புத்தகங்களில் நான் இன்னும் பிரிக்காதவை உண்டு. இரவல் வாங்கியதில் அப்படி ஒன்றும் இல்லை. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ரப்பர் முத்திரை விழுந்ததும் எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். இன்னும் ஒன்பது நாள், இன்னும் நூற்றுப்பத்துப் பக்கம். படிக்க நேரமே இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு மாதம் இரவல் புத்தகத்தோடு இருந்து பாருங்கள் என்பதுதான். அந்தச் சீட்டையும் கொஞ்சம் பாருங்கள். 1987இல் ஒருவர், அப்புறம் 1994இல் ஒருவர், அப்புறம் நீங்கள்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் அலமாரிக்குப் போகாதீர்கள். நூலகர் மேசையில், திரும்பி வந்து இன்னும் அடுக்காத புத்தகங்கள் கிடக்கும். ஊர் இப்போது என்ன படிக்கிறது என்பது அங்கே தெரியும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிறகு அலமாரியின் அடித்தட்டுக்குப் போங்கள். குனியச் சிரமப்பட்டு யாரும் பார்க்காத தட்டு அது. தரையில் உட்கார்ந்துவிட்டால் வசதி. என் வாழ்க்கையில் மிக நல்ல பயண நூல்களும் தன்வரலாறுகளும் அங்கிருந்துதான் கிடைத்தன. முதுகில் எழுதிய எண்ணையும் பழகிக்கொள்வது நல்லது. ஆங்கில ஓ எழுத்து இலக்கியத்துக்கு, 31 தமிழுக்கு, காற்புள்ளிக்குப் பின் 3 வந்தால் கதை, 1 வந்தால் கவிதை. எங்கள் பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு முறை அது. கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது, 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. அடித்தட்டில் தூசி தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த விதி ஞாபகம் வரும்.

என் இருபத்தைந்தாவது வயதில் ஒரு சம்பவம். அறுபதுகளில் அச்சான ஒரு நாவலை ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படித்தால், கடைசி நான்கு பக்கத்தைக் காணோம். யாரோ கிழித்திருந்தார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றும் முழுதாகத் தணியவில்லை. அதன் பிரதி எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் நூலகர்தான், “மெட்ராஸ் போனா கன்னிமாராவுல கேட்டுப் பாரும்மா” என்றார். எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. எட்டு மாதம் கழித்து ஒரு தேர்வுக்காகச் சென்னை போனபோது, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் அங்கே போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஊழியர் ஒருவர் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். உயர்ந்த கூரையின் கீழ் உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தைப் படித்தேன். நாயகி ஊர் திரும்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முடிவைச் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

அதனால் நூலகரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பெரும்பாலான கிளை நூலகங்களில் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கிறார், நாளிதழ்க் கூட்டம் அடங்கிய பிற்பகலில் போனால் அவருக்கும் பேச நேரமிருக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பதை மறந்துவிட்டு நான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியதுண்டு.

உறுப்பினராகாதவர்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் வந்தது, இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்த அலமாரிகளில் நம் வீட்டுப் பணம் இருக்கிறது. போய் எடுத்துப் படிப்பது நம் உரிமை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. கண்ணில் எழுத்து நிற்பதில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். அப்பாவின் அட்டை எப்போதோ ரத்தாகி என் பெயரில் புதிது வந்துவிட்டது. போன வாரம் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நாவலை எடுத்து வந்தேன். அட்டை போய், காக்கித்தாள் ஒட்டிக் கட்டியது.

“பதினேழாம் பக்கம் பாரு” என்றாள்.

புள்ளி இல்லை. மூலையில் மங்கலாக ஒரு வட்டம் இருந்தது. சொன்னேன்.

“அவ படிச்சிருக்காளா? அப்ப நல்லாத்தான் இருக்கும். ஆரம்பி.”